கோடு போட்டது யார்?

வாட்ஸாப் குழுவில் யாராவது நாலு பத்தி நல்ல தமிழில் எழுதிப் போட்டால் போதும், கீழேயே ஒருவர் வந்து "சாட்ஜிபிடியா?" என்று கேட்டுவிடுகிறார். எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்றால் வாக்கியத்தின் நடுவே கிடக்கும் நீளக் கோட்டைக் காட்டுகிறார். கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் என்று கேரளத்துப் பாலக்காடு மாவட்டத்தின் சிற்றூர் வட்டத்தின் எல்லையோரத் தமிழர்களிடையேயும் இந்த விசாரணை வந்து சேர்ந்துவிட்டது. கோயில் விழா மலருக்குக் கட்டுரை வாங்குபவர்கள், தமிழ் மீடியம் பள்ளியில் கட்டுரைப் போட்டித் தாள் திருத்துபவர்கள், பஞ்சாயத்துக்குக் கொடுக்கும் மனுவைப் படித்துப் பார்ப்பவர்கள் எல்லாருக்கும் கோடு ஒரு துப்பாகிவிட்டது. அது எவ்வளவு பலவீனமான துப்பு, அதைவிட உருப்படியாகப் பார்க்க வேறு என்ன இருக்கிறது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். என் கட்சி இதுதான்: நிறுத்தக் குறிகளைப் பார்த்து எழுதியது யார் என்று சொல்ல முடியாது. எழுத்து எந்த வழியாக வந்தது, யார் யார் கை பட்டது என்பதை ஓரளவு சொல்லலாம்.

முதலில் கோட்டைப் பார்ப்போம். நம் கண்ணுக்குக் கோடு என்று தெரிவதில் மூன்று வகை உண்டு. விசைப்பலகையில் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருக்கும் சின்னக் கோடு ஒன்று. அதைவிடக் கொஞ்சம் நீளமானது இரண்டாவது (–), கணினியில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் கொடுக்கும் யூனிகோடில் அதன் எண் 2013. எல்லாவற்றிலும் நீளமானது மூன்றாவது (—), எண் 2014. ஏதோ வருடங்கள் போலத் தோன்றும், மனதில் நிற்பதற்கு வசதி. சந்தேகப்படுபவர்களின் வாதம் எளிது: விசைப்பலகையில் சின்னக் கோடு மட்டும்தானே இருக்கிறது, நீளக் கோடு எங்கிருந்து வந்தது? யாரோ காப்பி பேஸ்ட் செய்திருக்க வேண்டும்.

அப்படி இல்லை. மைக்ரோசாஃப்ட் வேர்டில் ஒரு சொல்லை அடித்து, இடம் விடாமல் இரண்டு சின்னக் கோடு போட்டு, அடுத்த சொல்லையும் ஒட்டியே அடித்து ஸ்பேஸ் தட்டினால், இரண்டு கோடும் சேர்ந்து நீளக் கோடாகிவிடும். கோட்டுக்கு இருபுறமும் இடம் விட்டிருந்தால் நடுத்தரக் கோடு வரும். டைப்ரைட்டர் காலத்தில் நீளக் கோட்டுக்குத் தனி விசை இல்லாததால் இரண்டு சின்னக் கோடு அடிக்கும் பழக்கம் வந்தது. அந்தப் பழக்கத்துக்கு வேர்ட் செய்யும் உபசாரம் இது. ஐபோனில் செட்டிங்ஸ், ஜெனரல், கீபோர்டு என்று போனால் 'ஸ்மார்ட் பங்க்சுவேஷன்' என்று ஒன்று இருக்கும். அது இயங்கினால் அங்கேயும் இதே கதை. ஆண்ட்ராய்டில் ஜிபோர்டின் குறிகள் பக்கத்துக்குப் போய்ச் சின்னக் கோட்டை அழுத்திப் பிடித்தால் மற்றவை மேலே வந்து நிற்கும். ஆக, டைப்பிங் லோயர், ஹையர் பாஸ் செய்து முப்பது வருடம் அடித்த ஒரு ரிட்டயர்டு கிளார்க்கின் கட்டுரையில் நீளக் கோடு இருப்பது முழுக்க இயல்பு.

எந்தக் கோடு என்று கண்ணால் பார்த்து முடிவு செய்யவும் கூடாது. சில எழுத்துருக்களில் 2013-ம் 2014-ம் ஒரே நீளமாகத் தோன்றும். வேர்டில் கோட்டுக்குச் சரியாகப் பின்னால் கர்சரை வைத்து ஆல்ட்டையும் எக்ஸையும் சேர்த்து அழுத்தினால், கோடு மறைந்து அந்த இடத்தில் அதன் எண் வரும். மறுபடி அழுத்தினால் கோடு திரும்பிவிடும். ஆவணம் முழுக்கத் தேட வேண்டுமானால் தேடல் பெட்டியில் ^+ என்று அடித்தால் நீளக் கோடுகளும், ^= என்று அடித்தால் நடுத்தரக் கோடுகளும் மட்டும் சிக்கும். அரை நிமிட வேலை. ஒருவர்மேல் பழி சொல்வதற்கு முன் இதையாவது செய்யலாம்.

சாட்ஜிபிடி போன்ற செயற்கை நுண்ணறிவு மாடல்கள் நீளக் கோட்டை அள்ளித் தெளிப்பது உண்மைதான், மறுக்கவில்லை. அவை படித்ததில் பெரும்பகுதி ஆங்கிலம். அதிலும் எடிட்டர் கைபட்ட புத்தகங்களிலும் கட்டுரைகளிலும் நீளக் கோடு தாராளமாகப் புழங்கும். ஆங்கில வாக்கியத்தில் ஒரு விளக்கத்தை நடுவே செருக அது வசதியான கருவி. அந்தப் பழக்கம் மாடல் தமிழ் எழுதும்போதும் கூடவே வந்துவிடுகிறது.

தமிழில் அந்த வேலைக்கு ஆள் ஏற்கெனவே இருக்கிறது. 'என்று', 'என்னும்', 'ஆன', உம்மை, தேற்ற ஏகாரம், வரிசையாக வரும் வினையெச்சங்கள் இவையெல்லாம் வாக்கியத்தின் மூட்டுகளைப் பிடித்துக்கொள்கின்றன. ஓலைச்சுவடியில் கமா கிடையாது, கேள்விக்குறி கிடையாது, பல சுவடிகளில் மெய்க்கு வைக்கும் புள்ளியே கிடையாது. எழுத்தாணி ஓலையைக் கிழித்துவிடும் என்ற பயம். ஆனாலும் படிக்க முடிந்தது, ஏனென்றால் நிறுத்தம் சொல்லின் ஈற்றிலேயே இருந்தது. இந்தியாவில் தமிழ் முதலில் அச்சேறியது கேரள மண்ணில், கொல்லத்தில், 1578-ல். பதினாறு பக்கத் 'தம்பிரான் வணக்கம்'. ஆனால் இன்று நாம் போடும் நிறுத்தக் குறிகள் தமிழ் உரைநடையில் ஒழுங்காக உட்கார்ந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான். அதில் ஆறுமுக நாவலரின் பதிப்புகளுக்குப் பெரிய பங்கு உண்டு. குறிகள் நமக்கு வந்து சேர்ந்த விருந்தாளிகள், வீட்டைத் தாங்கும் தூண்கள் வேறு.

இதனால்தான் மாடல் எழுதும் தமிழில் கோட்டைவிடக் கமா அதிகம் காட்டிக்கொடுக்கிறது. இந்த வாக்கியத்தைப் பாருங்கள்:

"முதலமடை — கேரளத்தின் மாம்பழ ஊர் — அல்போன்சா, பங்கனப்பள்ளி, மற்றும் செந்தூரம் ஆகிய ரகங்களுக்குப் பெயர் பெற்றது."

இதையே அந்த ஊர் மாந்தோப்புக்காரர் எழுதினால்:

"மாம்பழ ஊர் என்று பேரெடுத்த முதலமடையில் அல்போன்சாவும் பங்கனப்பள்ளியும் செந்தூரமும் விளைகின்றன."

இரண்டாவதில் ஒரு குறிகூட இல்லை, கடைசிப் புள்ளியைத் தவிர. கோட்டின் வேலையை 'என்று' செய்கிறது, கமாவின் வேலையை உம்மை செய்கிறது. முதல் வாக்கியத்தில் கோட்டை எடுத்துவிட்டாலும் 'பங்கனப்பள்ளி' என்பதற்குப் பின்னால், 'மற்றும்' என்பதற்கு முன்னால் நிற்கும் அந்தக் கமா போகாது. மூன்று பொருளை அடுக்கும்போது கடைசிப் பொருளுக்கு முன் கமா போட்டு அதற்குமேல் இணைப்புச் சொல்லும் வைப்பது அமெரிக்க ஆங்கில அச்சகங்களின் வழக்கம். தமிழில் கையால் எழுதும் யாரும் அந்த இடத்தில் கமா போடுவது அபூர்வம். போட்டியில் வந்த கட்டுரை ஒன்றில் அது இரண்டு பக்கத்துக்குப் பத்து தடவை வந்தால் நான் நிமிர்ந்து உட்காருவேன். கோடு பத்து தடவை வந்தால் அவ்வளவு பதற மாட்டேன்.

இதிலும் எல்லைப்புறத்துக்கு என்று ஒரு சிக்கல் உண்டு. 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தங்கள் மொழியிலேயே அரசுக்கு எழுத இடம் தருகிறது. இதனால் சிற்றூர், தேவிகுளம் பக்கம் தமிழ் மனுக்கள், தமிழ் அறிவிப்புகள் என்று ஒரு தனிக் காகித உலகமே இருக்கிறது. அந்தக் காகிதங்களில் பலவும் மலையாளத்திலிருந்தோ ஆங்கிலத்திலிருந்தோ மாற்றப்பட்டவை. மலையாளமும் அடுக்கும்போது உம்மை போடும் மொழிதான். எனவே மலையாள அறிவிப்பைத் தமிழாக்கினால் உம்மை உம்மையாகவே வந்துவிடும். ஆங்கிலச் சுற்றறிக்கையைத் தமிழாக்கினால் கமாவும் 'மற்றும்' என்பதும் வரும். ஆக, கமாவோடு வரும் 'மற்றும்' சொல்வது இவ்வளவுதான்: அடியில் எங்கோ ஆங்கிலம் இருக்கிறது. அது மாடலாகவும் இருக்கலாம், இருபது வருடமாக ஆங்கில ஃபைலைத் தமிழாக்கிக் கைபழகிய ஒரு மனிதராகவும் இருக்கலாம்.

மனிதக் கைக்கு என்று சில அடையாளங்கள் நம் பக்கத்தில் நன்றாகவே தெரியும். மனுவில் 'பொருள்:-' என்று முக்காற்புள்ளிக்குப் பின்னால் ஒரு கோடு ஒட்டிக்கொண்டு வருமே, அது நம் ஆபீஸ் உலகத்தின் முத்திரை. பக்கத்து மேசையில் 'விஷயம்:-' என்று மலையாளத்திலும் அதுவேதான். 'ரூ.500/-' என்ற சாய்கோடு இன்னொன்று. வாட்ஸாப்பில் மூச்சு விடும் இடத்திலெல்லாம் இரண்டு புள்ளி வைப்பது மற்றொன்று: 'நாளைக்கு வரேன்.. மழை இல்லேன்னா..' மூன்று புள்ளி வைத்தால் வேர்ட் அதை ஒரே எழுத்தாகச் சேர்த்துவிடும். இரண்டு புள்ளியை அது தொடாது, மாடலும் தானாக எழுதாது. கமாவுக்குப் பின் இடம் விடாமல் 'அரிசி,பருப்பு,எண்ணெய்' என்று ஓட்டுவதும், கேள்விக்குறிக்கு முன் இடம் விட்டு 'எப்போது ?' என்று வைப்பதும் இதே வகை. பள்ளிக்கூடத்தில் இவற்றுக்கு மார்க் குறைப்போம். இப்போது இவையே 'அசல்' என்பதற்குச் சான்றாக மதிக்கப்படுகின்றன. பிழைக்கு வந்த யோகம்!

இன்னும் உன்னிப்பாகப் பார்க்க வேண்டிய ஒரு தடம் பழைய எழுத்துருக்கள் விட்டுப்போனது. பாமினி போன்ற எழுத்துருக்களில் ஆங்கில விசைகளின் மேலேயே தமிழ் உட்கார்ந்திருக்கும். பாமினியில் அரைப்புள்ளி விசையைத் தட்டினால் மெய்யின் மேல் வைக்கும் புள்ளி வரும், கமா விசையைத் தட்டினால் 'இ' வரும். கமா வேண்டுமானால் வேறொரு விசையைத் தேடிப் போக வேண்டும். இப்படிக் குறிகளின் இடத்தில் எழுத்துகள் இருக்கும்போது வேர்டின் தானியங்கித் திருத்தம் உள்ளே புகுந்தால் எழுத்தே சிதையும். அதனால் டிடிபி ஆட்கள் பலர் புது கம்ப்யூட்டரில் உட்கார்ந்ததும் முதல் வேலையாக ஃபைல், ஆப்ஷன்ஸ், ப்ரூஃபிங், ஆட்டோகரெக்ட் ஆப்ஷன்ஸ் என்று போய், தட்டும்போதே மாற்றும் வசதிகளை எல்லாம் அணைத்துவிடுவார்கள். அந்தக் கைகள் யூனிகோடுக்கு மாறிய பின்னும் பழக்கம் மாறவில்லை. அவர்கள் அடித்துத் தரும் பக்கத்தில் நேரான மேற்கோள் குறிகளும் சின்னக் கோடுகளும் மட்டுமே இருக்கும். பொள்ளாச்சி டிடிபி சென்டர் ஒன்றில் இப்படி அடித்துத் தந்த மலரையும், வீட்டில் வேர்ட் தன் இஷ்டத்துக்கு அலங்கரித்த மலரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், இரண்டாவதுதான் 'மெஷின் எழுதியது' போலத் தெரியும். இரண்டிலும் எழுதியது மனிதர்.

நேர்க் குறியும் வளைந்த குறியும் கலந்து கிடப்பது மட்டும் கவனிக்கத் தக்கது. வேர்ட் மேற்கோள் குறிகளை வளைப்பது நாம் அங்கேயே அடிக்கும்போது மட்டும்தான். வெளியிலிருந்து ஒட்டியதை அது வளைப்பதில்லை. எனவே ஒரே கட்டுரையில் இரண்டு பத்தியில் வளைந்த குறிகளும் மூன்றாம் பத்தியில் நேரான குறிகளும் இருந்தால், மூன்றாம் பத்தி வேறிடத்திலிருந்து வந்தது என்று ஓரளவு துணிந்து சொல்லலாம். கன்ட்ரோல், ஷிஃப்ட், 8 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் இடைவெளிகள் சின்னப் புள்ளிகளாகத் தெரியும். அவற்றின் நடுவே குட்டி வட்டமாகத் தெரிபவை உடையா இடைவெளிகள், அதாவது இருபுறச் சொற்களையும் ஒரே வரியில் பிடித்துவைப்பவை. வலைப்பக்கங்களிலிருந்து ஒட்டும்போது இவை கூடவே வரும். அந்தப் பக்கம் மாடலாகவும் இருக்கலாம், விக்கிப்பீடியாவாகவும் இருக்கலாம், எழுதியவரே முன்பு போட்ட பதிவாகவும் இருக்கலாம். ஒட்டு தெரியும், மரம் தெரியாது.

எண்ணோடு உருபு ஒட்டும் விதத்தையும் பார்க்கலாம். '2024-ல்', '2024இல்', '2024 ஆம்' என்று மூன்று மரபு உண்டு. பத்திரிகைக்குப் பத்திரிகை மாறும், ஆனால் ஒரு கைக்கு ஒன்றுதான் இயல்பாக வரும். மூன்றும் ஒரே பக்கத்தில் கலந்திருந்தால் பல கைகள் பட்டிருக்கின்றன, அல்லது மாடல் தடுமாறியிருக்கிறது.

வாட்ஸாப்பில் கண்டுபிடிப்பது இன்னும் சுலபம் என்று நினைப்பார்கள். மாடல்கள் தடித்த எழுத்துக்கு இருபுறமும் இரட்டை நட்சத்திரம் போடும், வாட்ஸாப்புக்கு ஒற்றை நட்சத்திரம் போதும். அப்படியே ஒட்டினால் மிச்ச நட்சத்திரங்கள் வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். இது காப்பி பேஸ்ட்டுக்கு நல்ல சான்று. எழுதியதற்குச் சான்றாகுமா? இங்கேதான் நடைமுறை குறுக்கே வருகிறது. ஃபோனில் தமிழ் வாய்ஸ் டைப்பிங் செய்தால் பெரும்பாலும் ஒரு குறியும் இல்லாமல் ஒரே ஓட்டமாக வந்து விழும். விசைப்பலகை பழகாத ஒரு விவசாயி ஆளியாற்றுத் தண்ணீர் கடைமடைக்கு வராத கஷ்டத்தைப் பத்து நிமிடம் பேசிப் பதிகிறார். பையனோ பெண்ணோ அதை எடுத்து "இதுக்குப் புள்ளி, கமா வெச்சுக் குடு" என்று மாடலிடம் கொடுக்கிறார்கள். திரும்பி வருவதில் கோடு இருக்கும், நட்சத்திரம் இருக்கும், 'முக்கியக் கோரிக்கைகள்:' என்று ஒரு தலைப்பும் இருக்கும். சொன்னது முழுக்க அவர். குறி முழுக்க மெஷின். கேரள அரசின் இணையச் சேவை மையமான அக்ஷயா சென்டரில் கொடுத்து டைப் செய்யும் மனுவிலும் நெடுங்காலமாக நடப்பது இதுதான். அங்கே கமா வைப்பது ஆபரேட்டர், அவர் மலையாளியாக இருந்தால் மலையாள மனுவின் வாய்ப்பாட்டிலேயே தமிழும் அமையும். அந்த மனுவை யாரும் 'ஆபரேட்டர் எழுதியது' என்று தள்ளியதில்லை.

கண்ணால் வேண்டாம், கண்டுபிடிக்கும் மென்பொருள் இருக்கிறதே என்பார்கள். ஓபன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரியில் ஒன்றை வெளியிட்டது. அவர்கள் கணக்குப்படியே மெஷின் எழுதியதில் 26 சதவீதத்தைத்தான் அது பிடித்தது, மனிதர் எழுதியதில் 9 சதவீதத்தைத் தவறாகப் பிடித்தது. அதே ஆண்டு ஜூலையில் துல்லியம் போதாது என்று திரும்ப எடுத்துக்கொண்டார்கள். அதே 2023-ல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள், ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்கள் டோஃபெல் தேர்வுக்காக எழுதிய 91 கட்டுரைகளை ஏழு கருவிகளில் போட்டுப் பார்த்தார்கள். சராசரியாக 61 சதவீதம் 'மெஷின்' என்று வந்தது. காரணம் எளிது. இந்தக் கருவிகள் அடுத்த சொல் எவ்வளவு எதிர்பார்க்கக்கூடியதாக இருக்கிறது என்று அளக்கின்றன. கற்றுக்கொண்ட மொழியில் எழுதுபவர் தெரிந்த சொற்களையும் பாடம் செய்த வாக்கிய அமைப்பையுமே நம்பி எழுதுவார். எதிர்பார்த்தது எதிர்பார்த்தபடி வரும், அதை மெஷினின் அடையாளமாக எடுத்துக் கருவி கொடியைத் தூக்கிவிடும். தமிழ் மீடியத்தில் படித்து ஆங்கிலக் கட்டுரைப் போட்டிக்கு எழுதும் எல்லையோரப் பிள்ளைக்கு இந்தக் கருவி எவ்வளவு நியாயம் செய்யும் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

சரி, உண்மையிலேயே சந்தேகம் வந்தால்? குறியைவிட வரலாறு நம்பகமானது. கூகுள் டாக்ஸில் எழுதியிருந்தால் ஃபைல் மெனுவில் வெர்ஷன் ஹிஸ்டரியைத் திறந்து பார்க்கலாம். எழுத்து கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்திருக்கிறதா, ஒரே நொடியில் இரண்டு பக்கமும் குதித்து வந்ததா என்று தெரியும். குதித்து வந்திருந்தாலும் ஃபோன் குறிப்பேட்டில் எழுதி ஒட்டியிருக்கலாம், அதைக் காட்டச் சொல்லலாம். அதே ஆள் முன்பு எழுதியதை எடுத்துப் பக்கத்தில் வைத்துக் குறிகளை மட்டும் ஒப்பிடுவது இன்னொரு வழி. போன வருடம் வரை இரண்டு புள்ளியும் இடமில்லாக் கமாவுமாக எழுதியவர் இந்த வருடம் திடீரென்று அரைப்புள்ளி போடுகிறார் என்றால் கேட்பதில் தப்பில்லை. முன்பிருந்தே கோடு போடுபவர் இப்போதும் போட்டால் கேட்பதற்கு ஒன்றுமில்லை. தாளில் உட்கார வைத்து ஒரு பத்தி எழுதச் சொல்வது பள்ளிக்குச் சரிப்படும், விழா மலருக்குச் சரிப்படாது. சீனியர் எழுத்தாளரைப் போய் உட்கார வைக்க முடியுமா?

கோடு என்ற துப்பு காலாவதியாகிக்கொண்டும் இருக்கிறது. 2025 நவம்பரில் ஓபன்ஏஐ தலைவர் சாம் ஆல்ட்மேன், நீளக் கோடு வேண்டாம் என்று முன்னமைப்பில் (எப்போதும் பின்பற்றச் சொல்லி முன்கூட்டியே தரும் குறிப்புகளில்) எழுதி வைத்தால் சாட்ஜிபிடி இனி கேட்கும் என்று அறிவித்தார். பிடிபடக்கூடாது என்று நினைப்பவர் அதை எழுதிவைத்துவிடுவார், பிடிபட ஒன்றுமில்லாதவர்தான் பழையபடி கோடு போட்டுக்கொண்டிருப்பார். முன்னமைப்புக்குப் போகத் தெரியாதவர்கள் வேர்டில் ஒரே மூச்சாக எல்லா நீளக் கோட்டையும் கமாவாக மாற்றுகிறார்கள். அதில் கை தப்பும் இடம் ஒன்று உண்டு. தமிழில் மாடல்கள் கோட்டுக்கு இருபுறமும் பெரும்பாலும் இடம் விடுகின்றன. கோட்டை மட்டும் தேடி மாற்றினால் முன்னால் இருந்த இடம் அப்படியே நின்றுவிடும், 'முதலமடை , கேரளத்தின் மாம்பழ ஊர் , அல்போன்சா' என்று ஆகும். இடமில்லாக் கமா போடும் கை நம்மிடம் ஏராளம், கேள்விக்குறிக்கு முன் இடம் விடும் கையும் உண்டு. ஆனால் பக்கம் முழுக்கச் சில கமாக்களுக்கு முன்னால் மட்டும் தவறாமல் ஓர் இடம், மற்ற கமாக்களெல்லாம் ஒழுங்காக இருக்கின்றன என்றால், அங்கே முன்பு கோடு இருந்தது, யாரோ அதை அழித்திருக்கிறார்கள்.